இடக்கை உயர்த்தியவர்கள்

1

இலங்கையில் ஆசிரியர் தினம் வருகிற அன்று என் கைத்தொலைபேசி விடியுமுன்னரே துடிக்கத் தொடங்கிவிடும். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் வெயில் ஏறிய பிறகும் இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் இருட்டாகத்தான் இருக்கும். கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொன்றாக வாசிப்பேன். கல்முனையில் கடை வைத்திருப்பவர், கட்டாரில் பொறியியலாளராக இருப்பவர், மட்டக்களப்பில் வைத்தியராக இருப்பவர். எல்லோரும் என்னிடம் கணிதம் படித்தவர்கள். 'எங்களை ஆளாக்கிய சேர்' என்று எழுதி ஒரு ரோசாப்பூப் படமும் போடுவார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, பிறகு எழும்பி சுபஹு தொழுவேன்.

மனைவி மௌத்தாகித் தனித்துப்போன பிறகு மகள் நஸ்ரினோடு வந்து சேர்ந்தவன் நான். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. என்னுடைய நாளில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. பேத்தி ஹனாவைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விடுவேன், நூல்நிலையத்தில் இருப்பேன், பள்ளிவாசலுக்குப் போவேன். வருடத்துக்கு ஒருமுறை, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதி, தக்க ஒருவரிடம் கையொப்பம் வாங்கி, ஓய்வூதியத்துக்காக ஊருக்கு அனுப்ப வேண்டும். போன முறை கையொப்பமிட்ட வெள்ளைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'நிச்சயமாகத்தானே?' என்று சிரித்தார்.

இந்த முறை வந்த வாழ்த்துகளில் ஒன்றில் ரோசாப்பூ இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நான் றிஸ்வானா, சாய்ந்தமருது. ஏழாம் ஆண்டில உங்கட்டதான் கணிதம் படிச்சன். இப்ப நானும் கணித டீச்சர். புலமைப்பரிசில் கிடைச்சு லீட்ஸிலதான் நிற்கிறன். உங்களப் பார்க்க வரலாமா?"

'வஅலைக்குமுஸ்ஸலாம். உங்களை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டாயம் வாருங்கள்' என்று பதில் போட்டேன்.

எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பெயரை எத்தனை தரம் சொல்லிப் பார்த்தும் ஒரு முகமும் வரவில்லை.

2

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். றிஸ்வானாவுக்கு நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். கூட வந்தவர் தமிழ்நாட்டில் இராமநாதபுரம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை செல்வி. இருவரும் ஒரே புலமைப்பரிசிலில் வந்து ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டை அன்றுதான் விளக்கமாக அறிந்தேன். பல நாடுகளின் பள்ளிக்கூட ஆசிரியர்களை இங்குள்ள பல்கலைக்கழகம் சில மாதங்களுக்கு அழைக்கிறது. இந்தியாவிலிருந்துதான் கூடுதலாக வருகிறார்களாம். இந்த நகரத்து வகுப்பறைகளில் போயிருந்து பார்க்க வேண்டும், படிப்பிக்க வேண்டும், கடைசியில் தங்கள் சொந்த வகுப்பறையின் வீடியோவைக் காட்டி, ஊருக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு சபை முன் சொல்ல வேண்டும். அவர்களில் சிலரைத் தெரிவுசெய்து, அயல் பாடசாலைகளையும் சேர்த்து அந்த வேலையைச் செய்ய இரண்டு வருடம் உதவுவார்கள். றிஸ்வானா அந்த உதவியைக் குறிவைத்துத்தான் வந்திருந்தார். சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு என்று கரையோரத்தில் ஐந்து பாடசாலைகளை மனதில் வைத்திருந்தார்.

நஸ்ரின் தேங்காய்ப்பால் விட்டு மீன் ஆணம் ஆக்கியிருந்தாள். செல்வி சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:

"ஃபெல்லோஷிப்புக்கு எழுதினது ரெண்டு கட்டுரைதான் ஐயா. லீவு கேட்டு எழுதினதுக்குக் கணக்கே இல்ல. ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார், 'ஏம்மா, இங்க இருக்கிற கரும்பலகை உனக்குப் போதாதா?'ன்னு. 'போதும் சார், அதுல என்ன எழுதுறதுன்னுதான் பாக்கப் போறேன்'னேன். அதுக்கே ரெண்டு மாசம் ஃபைலை நகர்த்தல."

"எங்கட ஊரில வேற கூத்து" என்றார் றிஸ்வானா. "புலமைப்பரிசில் கிடைச்சிரிக்கி எண்டு உம்மா பக்கத்து வீட்டில சொல்லியிரிக்கா. அவங்க, 'எந்தப் பேரப்புள்ளைக்கு, எத்தன புள்ளி?' எண்டு கேட்டாங்களாம். ஐந்தாம் ஆண்டுச் சோதினையத் தவிர வேற புலமைப்பரிசில் இரிக்கிண்டு ஆருக்குத் தெரியும்? 'எனக்குத்தான்' எண்டு சொன்னா, 'இந்த வயசிலயா புள்ள பாஸாகின?' எண்டு கேட்கிறாங்க."

செல்வி சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். நஸ்ரின் தண்ணீர் கொடுத்தாள்.

எனக்கு அவர்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. செல்வி தமிழ்வழியில் படித்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் காதில் வயரை மாட்டிக்கொண்டே ஆங்கிலம் கற்றிருக்கிறார். இரண்டு முறை விண்ணப்பித்துத் தவறி மூன்றாம் முறை வந்திருக்கிறார். றிஸ்வானா சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவை கணிதத்தில் சித்தியடையாதவர். திரும்ப எழுதி, உயர்தரம் படித்து, கல்வியியற் கல்லூரிக்குப் போய் அதே கணிதத்தையே எடுத்திருக்கிறார். இவர்கள் இருவருக்கும் பதவியும் சம்பளமும் இருக்கிறது. பாடத்தை இதைவிட நன்றாக நடத்தலாமா என்று பார்க்கவே பிள்ளைகுட்டிகளை விட்டுவிட்டு இந்தக் குளிருக்குள் வந்திருக்கிறார்கள். நான் ஆசிரிய ஆலோசகராகி, மற்ற ஆசிரியர்களுக்குப் படிப்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் பாடத்தைப் பற்றி ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை.

ஹனா சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் நன்றாக விளங்கும், பதில் மட்டும் இங்கிலீசில் வரும்.

"மகள், வகுப்பில கேள்வி கேட்கிறயா?" என்று றிஸ்வானா கேட்டார்.

ஹனா என்னைப் பார்த்தாள். அன்றைக்குத் தமிழில்தான் சொன்னாள்.

"முந்திக் கேட்கிற. இப்ப இல்ல."

3

அதற்குக் காரணம் நான்.

சில மாதங்களுக்கு முன்னர் பெற்றோரை ஆசிரியர்கள் சந்திக்கும் மாலை ஒன்று இருந்தது. நஸ்ரினுக்கு வேலை நேரம் மாறியதால் நான்தான் ஹனாவோடு போனேன். கணித ஆசிரியர் ஓர் இளைஞர். கை குலுக்கி இருத்திவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "வகுப்பில் மிகக் கூடுதலாகக் கேள்வி கேட்பவள் ஹனாதான். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று உடனே சொல்லிவிடுவாள்."

நான் எழும்பி மன்னிப்புக் கேட்டேன். "வீட்டில் சொல்லித் திருத்துகிறேன், ஐயா" என்று என்னுடைய நல்ல இங்கிலீசில் சொன்னேன். அந்த இளைஞர் திகைத்துப்போய், இல்லை, இல்லை, அது நல்ல விஷயம் என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஓர் ஆசிரியர் தகப்பனைக் கூப்பிட்டு 'உங்கட புள்ளைக்கு விளங்குதில்ல' என்று சொன்னால் அது முறைப்பாடு.

வருகிற வழியில் ஹனாவிடம், "தெரியாதெண்டா வீட்ட வந்து மூத்தாப்பாட்டக் கேளு மனே. எல்லாருக்கும் முன்னால தெரியா, தெரியா எண்டு சொல்லி ஏன் மானத்த வாங்கிற?" என்றேன். அவள் பஸ் கண்ணாடியில் விரலால் ஏதோ கீறிக்கொண்டு வந்தாள். வீட்டிலும் அவள் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை.

4

ஹனா மேலே போன பிறகு நஸ்ரின் தேநீர் கொண்டுவந்தாள். நான் ஹனாவின் பதிலை மூடி மறைக்கப் பார்த்து, "இந்தக் காலத்துப் புள்ளைகள்" என்று எதையோ தொடங்கினேன். றிஸ்வானா சிரித்தார்.

"சேர், நான் இடக்கை ஆள். ஞாபகம் இரிக்கா?"

"ஏன், இடக்கையாலயா எழுதுவீங்க?" என்று நஸ்ரின் அப்பாவியாகக் கேட்டாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தேநீரைக் கீழே வைத்தேன்.

வாசிப்பவர்களுக்கு இதை நான் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வகுப்புப் பார்க்க வருவார்கள். முதல் நாளே செய்தி வந்துவிடும். ஆசிரியர் கேள்வி கேட்க நாலு கை மட்டும் உயர்ந்தால் ஆசிரியருக்குக் குறைவு, பாடசாலைக்கும் குறைவு. ஆகவே நான் ஒரு முறை செய்து வைத்திருந்தேன். கேள்வி எதுவானாலும் எல்லோரும் கை உயர்த்த வேண்டும். விடை தெரிந்தவர் வலக்கையை உயர்த்த வேண்டும், தெரியாதவர் இடக்கையை. நான் வலக்கைகளில் ஒன்றைப் பார்த்துத்தான் கேட்பேன். பின்னால் இருக்கும் அதிகாரிக்குத் தெரிவது வகுப்பு முழுக்க உயர்ந்த கைகள். ஒருவர், 'இப்படி ஒரு வகுப்பை நான் இந்த மாவட்டத்திலேயே பார்த்ததில்லை' என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் பாடசாலையின் பிரதி அதிபரானதிலும் பிறகு ஆசிரிய ஆலோசகரானதிலும் அந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு. ஆலோசகரான பிறகு, சம்மாந்துறை வரை போய் மற்ற ஆசிரியர்களுக்கும் இதை இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

இடக்கை எதற்கான கை என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் கையால் உண்ண மாட்டோம், ஒருவருக்கு ஒன்றை நீட்ட மாட்டோம். தெரியாத பிள்ளைக்கு அந்தக் கையைத்தான் நான் கொடுத்தேன். பிள்ளைகள் மாற்றி உயர்த்தாமல் இருக்க அதுதான் சுலபமான வழி என்று அன்றைக்கு நினைத்தேன். யோசியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் செய்தேன்.

இதையெல்லாம் றிஸ்வானா ஒரு பகிடியாகத்தான் செல்விக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "நானும் என்ட கூட்டாளியும் கடைசி வாங்கில. எங்கட கை எப்பவும் இந்தப் பக்கம்தான். ஒருநாள் எனக்கு விடை தெரிஞ்சிட்டு. ஆனா கை பழக்கத்தில இடது பக்கம் எழும்பிட்டு. சேர் என்னத் தாண்டிப் போயிட்டார்."

"நீங்க கைய மாத்தலையா?" என்றார் செல்வி.

"மாத்திறதுக்கிடையில மற்றவன் சொல்லிட்டான்."

செல்வி சிரிக்கவில்லை. நஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களை பஸ் தரிப்பிடம் வரை கொண்டுபோய் விட்டேன். செல்வி முன்னால் நடந்தார். நான் றிஸ்வானாவிடம், "புள்ள, ஒண்டு சொல்லணும். நல்லா ஞாபகம் எண்டு எழுதினன். அது பொய். உங்கள எனக்கு ஞாபகமே இல்ல" என்றேன்.

"தெரியும் சேர்" என்றார். கோபத்தின் சாயலே இல்லை. "இடக்கையக் கண்டா நீங்க மற்றப் பக்கம் பார்ப்பீங்க. அதுதானே ஏற்பாடு."

உண்மைதான். ஆசிரியர் தினத்தன்று வருடாவருடம் வாழ்த்து அனுப்புகிறவர்கள் எல்லோரும் வலக்கைக்காரர்கள். அவர்களின் பெயர்கள் இன்றும் எனக்கு வரிசையாக வரும்.

5

ஆனாலும் புத்தி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு கிழமை கழித்து றிஸ்வானா தன் வீடியோக்களைக் காட்ட வந்தபோது நான் பழைய ஆளாகவே நின்றேன்.

வீடியோக்கள் இரண்டு. முதலாவது, சாய்ந்தமருதில் அவர் அந்த வகுப்பை எடுத்த முதல் கிழமையில் பிடித்தது. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள், மேலே மின்விசிறி. "பின்னத்தைப் பின்னத்தால வகுக்கிறது ஆருக்கு விளங்கல்ல? கைய உயர்த்துங்க" என்று கேட்கிறார். ஒரு கையும் உயரவில்லை. அவர் காத்து நிற்கிறார். மின்விசிறி மட்டும் சத்தம் போடுகிறது. ஒரு பிள்ளை மெதுவாகத் திரும்பி மற்றவர்களைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்புகிறது. இன்னொரு பிள்ளை கொப்பியைக் கையால் மூடுகிறது. அவர் இன்னும் காத்து நிற்கிறார்.

இரண்டாவது, பல மாதங்கள் கழித்து. அதே பிள்ளைகள்தான். இப்போது விளங்காதவர்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். விளங்கியவர்கள் வாங்கில். முன்னால் நிற்பவர்கள் கேள்வி கேட்பார்கள், தங்களுக்குத் திருப்தி வரும்வரை விடமாட்டார்கள். இதுதான் அவர் கண்டுபிடித்த முறை. ஒரு சின்னப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வகுப்பில் முதலாவதாக வரும் மாணவனைக் கேட்கிறாள்: "தலைகீழாக்கிப் பெருக்கணும் எண்டா, ஏன் தலைகீழாக்கணும்?" அவன், "சட்டம் அப்படித்தான்" என்கிறான். "ஆர்ட சட்டம்? உங்கட வாப்பாட சட்டமா?" என்று அவள் கேட்க வகுப்பே சிரிக்கிறது. அவன் தலையைச் சொறிகிறான். பிறகு எல்லோரும் காகிதத்தைக் கிழித்து மடித்து, ஒரு துண்டுக்குள் மற்றத் துண்டு எத்தனை தரம் போகிறது என்று பார்க்கத் தொடங்குகிறார்கள்.

நான் பார்த்த பாடங்களில் இதைப் போல ஒன்று இல்லை. அதையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "இரண்டாவத மட்டும் காட்டுங்க. முதலாவத வெட்டிருங்க. தேர்வு செய்ய வாறாக்களுக்கு வாயே திறக்காத வகுப்பக் காட்டினா உங்களுக்குத்தான் புள்ளி குறையும்" என்றேன்.

செல்வியும் என் பக்கம்தான். "ஐயா சொல்றதுல நியாயம் இருக்கு றிஸ்வானா. எட்டு நிமிஷம்தான் குடுக்குறாங்க. அதுல ஒரு நிமிஷம் ஒண்ணுமே நடக்காம ஓடுது. நான்லாம் என் பசங்க ஆடிப் பாடுறதைத்தான் போடப்போறேன்."

றிஸ்வானா மடிக்கணினியை மூடவில்லை. கையுயர்த்தாத பிள்ளைகளின் முகங்கள் அப்படியே திரையில் நின்றன.

"இத வெட்டிட்டா மறுகா என்னத்தக் காட்டுற சேர்? முன்னுக்கு வந்து கேள்வி கேட்கிற புள்ளைகள் எல்லா ஊரிலயும் இரிக்கி. இந்தப் புள்ளைகள் இதிலரிந்து அதுக்கு வந்ததத்தான் நான் காட்டணும்."

"கிடைக்காமப் போனா?"

"போனாப் போகட்டும். நான் எண்டாலும் கைய மாத்தி உயர்த்தாம இருக்கணுமே."

அதிகாரிக்காக வகுப்பைத் தயார் செய்கிற என் பழக்கம் கடல் கடந்தும் என்னோடு வந்திருந்தது. அவர் எழுதிய இங்கிலீசில் சில பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

6

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்விக்கு இரண்டு வருட உதவி கிடைத்தது. றிஸ்வானாவுக்கு ஒரு வருடம்தான், அதுவும் அவருடைய பாடசாலைக்கு மட்டும். ஐந்து பாடசாலை என்ற கணக்கு இப்போதைக்கு இல்லை. முதல் வீடியோவினால்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது அவர், "ஒரு வருசம் ஓடினாப் போதும் சேர். மறுகா காரைதீவு டீச்சர்மாரே வந்து கேட்பாங்க, இன்ஷா அல்லாஹ்" என்றார். அவர் சொன்னால் நடக்கும் என்று நான் நம்புகிறேன்.

அவர்கள் சபை முன் பேசிய நாள் ஒரு சனிக்கிழமை. விருந்தினரும் வரலாம் என்றிருந்ததால் நான் ஹனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பெயர் எழுதி, படம் எடுத்து, கழுத்தில் அட்டை மாட்டித்தான் உள்ளே விட்டார்கள். மண்டபத்தில் பல நாட்டு ஆசிரியர்கள், பேராசிரியர்கள். முன்வரிசையில் தேர்வு செய்பவர்கள்.

செல்வி முதலில் பேசினார். வீடியோவில் அவருடைய மாணவர்கள் பாட்டோடு அறிவியல் சொன்னார்கள். மண்டபம் கைதட்டியது. இந்தியாவின் வேறு பகுதிகளிலிருந்து வந்த இருவர் அடுத்துப் பேசினார்கள். அதில் ஒருவர் மலைக்கிராமத்தில் ஒற்றை ஆளாக ஐந்து வகுப்புகளை நடத்துகிறவர். அதை ஒரு குறையாகச் சொல்லாமல், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை எப்படி ஒழுங்குபடுத்தினார் என்று மட்டும் சொன்னார். ஹனா நெருங்கியிருந்து கேட்டாள்.

பிறகு றிஸ்வானா வந்தார். முதல் வீடியோவை முழுதாகப் போட்டார். அந்த மண்டபத்திலும் மின்விசிறியின் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். முடிந்ததும் அவர், நான் திருத்திக் கொடுத்த இங்கிலீசை விட்டுவிட்டுத் தன் இங்கிலீசில் பேசினார். தான் படித்த பள்ளிக்கூடத்தில் இருந்த வலக்கை இடக்கை முறையைச் சொன்னார். ஆருடைய முறை என்று சொல்லவில்லை. நான் இருந்த பக்கம் பார்க்கவும் இல்லை. 'இந்தப் பிள்ளைகளுக்கு அந்த முறையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய ஆசிரியர்கள் அதில் படித்தவர்கள்' என்றார்.

ஹனா என் காதுக்குள், "ஊர் ஸ்கூலா மூத்தாப்பா? உங்கட ஸ்கூலா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "நான்தான் அதச் செய்த."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டாவது வீடியோவுக்கு முன் றிஸ்வானா பலகையில் முக்காலை ஐந்தில் இரண்டால் வகுக்கும் கணக்கு ஒன்றை எழுதினார். "விடை எல்லோருக்கும் வரும். ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்? தெரிந்தவர்கள் வலக்கை, தெரியாதவர்கள் இடக்கை" என்றார். மண்டபம் சிரித்தது. சில வலக்கைகள் உயர்ந்தன. பெரும்பாலானவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் வீடியோவில் கண்டிருந்தேன்.

முப்பது வருடத்துக்கு மேல் நான் அந்தக் கணக்கைப் படிப்பித்திருக்கிறேன். 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்பதைப் பாட்டுப் போலச் சொல்ல வைத்திருக்கிறேன். ஏன் என்று ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திருக்காது.

நான் இடக்கையை உயர்த்தினேன். வயதான கை, முழுதாக எழும்பவில்லை.

றிஸ்வானா வலக்கைகளையெல்லாம் தாண்டி என்னிடம் வந்து நின்றார்.

"எங்கள் வகுப்பில் இந்தக் கையிலிருந்துதான் தொடங்குவோம்" என்று சபைக்குச் சொல்லிவிட்டு, தமிழில், "கேளுங்க சேர்" என்றார்.

நான் எழும்பினேன். இங்கிலீசு வரவில்லை. "ஏன் தலைகீழாக்கணும் டீச்சர்? எனக்கு அது ஒருநாளும் விளங்கினதில்ல" என்றேன்.

மண்டபத்துக்கு விளங்கவில்லை. ஹனா எழும்பி நான் சொன்னதை இங்கிலீசில் சொன்னாள், கடைசிச் சொல் வரை, சத்தமாக. சொல்லி முடித்தும் அவள் உட்காரவில்லை. தன்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது என்று இடக்கையை உயர்த்திக்கொண்டு நின்றாள்.